வால்பாறைக்குக் கொண்டுபோன உப்பு

எனக்கு எழுபத்தெட்டு வயசு. பெத்தது அஞ்சு, வளர்த்தது ஆறு. கணக்கு இடிக்குதேன்னு நினைக்காதீங்க. என் கொழுந்தன் மகள் தாயில்லாமப் போனப்போ, அவளையும் என் பிள்ளைகளோட பிள்ளையாப் படுக்கப் போட்டு வளர்த்தேன். பெத்ததுல மூத்தவன் மட்டும் இங்க தூத்துக்குடியில இருக்கான், துறைமுகத்துல வேலை. மத்ததெல்லாம் திசைக்கு ஒண்ணு. வளர்த்ததுதான் என்னை வச்சுப் பாக்குது.

படிச்சது மூணாம் வகுப்பு. அதுக்கு மேல உப்பளம் கூப்பிட்டுட்டு. அதனால எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், மெதுவாத்தான் எழுதுவேன். அவசரம் உள்ளவங்க எந்திரிச்சுப் போகலாம், நான் கோவிச்சுக்கிட மாட்டேன்.

நாங்க இருக்கிறது கடற்கரைக்குக் கிட்ட. மாடியில இருக்கிற ரெண்டு ரூமையும் என் வளர்த்த மகள் வெளியூர்க்காரங்களுக்கு வாடகைக்கு விடுதா. போன்ல போட்டு வச்சிருக்கா. போன்ல பாத்துட்டு எங்கிருந்தெல்லாமோ ஆள் வருது. ரூமைப் பெருக்குறது, துணி மாத்துறது எல்லாம் அவ. அடுப்பு என்னுது. அதுல யாரும் கை வைக்க முடியாது.

வர்றவங்களுக்கு முதல்ல ஒரு சுக்குக்காப்பி குடுப்பேன். குடுத்துட்டு ஒரு கேள்வி கேப்பேன்: "எங்க ஊரைப் பத்தி உங்களுக்கு யாரு சொன்னா?"

எல்லாரும் ஒரே பதில்தான். "போன்ல பார்த்தோம் பாட்டி."

சரின்னு விட்டுருவேன். ஊருக்குப் புறப்படுற அன்னைக்கு, பையெல்லாம் கீழ இறக்கி வச்ச பிறகு, இன்னொரு காப்பி குடுத்து அதே கேள்வியைத் திரும்பக் கேப்பேன். அப்ப வர்ற பதில் வேறயா இருக்கும். இது எத்தனையோ வருசமா எங்க வீட்டு வழக்கம்.

ஒரு தடவை கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர் ஒருத்தர் வந்தார். மில் வச்சிருக்கிறவர், பெரிய மனுசர். கடலைத் திரும்பியும் பாக்கல. தினமும் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைக்கே போய்ப் போய் வந்தார். "அப்படி என்னய்யா அங்க இருக்கு?"ன்னு கேட்டேன். "சும்மா, சரித்திரம்தானுங்க"ன்னார். புறப்படுற அன்னைக்கு ரெண்டாம் காப்பி பாதி இறங்கின பிறகு சொல்லுதார்: "ஸ்கூல்ல இந்தக் கோட்டைக் கதையை நாடகமாப் போட்டாங்க. எனக்குக் காவக்காரன் வேசம். வசனமே கிடையாதுங்க. ஈட்டியைப் புடிச்சிட்டு நிக்கோணும், அவ்வளவுதான். அதையும் கடைசி நாள்ல வேற பையனுக்குக் குடுத்துட்டாங்க." சொல்லிட்டுச் சிரிச்சார். "இத்தனை வருசம் இது ஞாபகமே இல்லீங்க. அங்க போயி வாசல்ல நின்னதுந்தான் வந்துச்சு." அப்போ வாசல்ல போய் விறைப்பா நின்னுதான் இருந்திருக்கார், எனக்குத் தெரியும்.

மதுரையில இருந்து ஒரு டீச்சர் வந்தா. முத்து எங்க குளிக்காங்க, முத்து எங்க குளிக்காங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. "முத்துக்குளியல் நான் குட்டியா இருக்கும்போதே நின்னு போச்சு தாயி, இப்ப சங்குதான் எடுக்காங்க"ன்னு சொன்னேன். அப்பவும் கரையில குனிஞ்சு குனிஞ்சு சிப்பி பொறுக்கினா. போகும்போது சொன்னா, அவ அம்மாகிட்ட ஒரு தோடு இருந்துச்சாம், ஒரு பக்கம் முத்து உதிர்ந்து வெறுங்குழியா இருக்குமாம். சின்னப்பிள்ளையில அந்தக் குழியில சுண்டுவிரலை வச்சுக்கிட்டேதான் தூங்குவாளாம்.

இப்படித்தான். வரும்போது வாய் ஒண்ணு சொல்லும். கூட்டிட்டு வந்தது வேற ஒண்ணா இருக்கும். இதைக் கண்டுபிடிக்கிறதுல எனக்கு ஒரு கர்வம் உண்டு, மறைக்கல. ஆனா இந்தக் கேள்வி ஒருநாள் என்னை நோக்கித் திரும்பும்னு நான் நினைக்கல.

இந்த வருசம் எனக்குக் கண்ணு ஆபரேசன் ஆச்சு. உப்பளத்து வெள்ளையில வெந்த கண்ணு, புரை விழுந்து கெடந்தது. கட்டைப் பிரிச்சதும் பாத்தா, என் கையில இத்தனை சுருக்கமான்னு எனக்கே சிரிப்பு. பிள்ளைகள் எல்லாம் போன்ல பேசி ஒரு முடிவு பண்ணிச்சு. அம்மாவுக்குக் கண்ணு தெளிஞ்சிருக்கு, இதுவரை கல்யாணம், சாவு, கோயில் இது மூணைத் தவிர எதுக்கும் ஊர் தாண்டினதில்ல, எங்கயாவது கூட்டிட்டுப் போய்க் காட்டணும்னு.

ஒரு ஞாயித்துக்கிழமை மூத்தவன் வந்து உக்காந்தான். வளர்த்த மகள் பெத்த பேத்தி போனை வச்சுக்கிட்டுப் படம் படமாத் தள்ளினா.

"ஆச்சி, இது கோவா. இது ஊட்டி. இது வேளாங்கண்ணி. எது வேணும்?"

"வால்பாறை"ன்னு சொன்னேன்.

சொல்லிட்டு நானே திகைச்சுப் போனேன். அந்த ஊர்ப் படம் அதுல வரவே இல்ல. அது எந்தத் திசையில இருக்குன்னு எனக்குத் தெரியாது. நாக்குல உக்காந்திருந்த மாதிரி வந்து விழுந்துட்டு.

"எங்கன?"ன்னான் மூத்தவன்.

"வால்பாறை."

"அங்கன யாரும்மா இருக்கா நமக்கு?"

"யாரும் இல்ல."

"அங்கன பெரிய கோயில் இருக்கா?"

"எனக்கென்னலே தெரியும்?"

வளர்த்த மகள் சிரிச்சுட்டா. "பெரியப்பா இல்லாத நேரம் பாத்து பெரியம்மா அங்க யாரையோ பாத்து வச்சிருக்காக போல."

"ஏளா, வாயைக் கழுவு"ன்னேன். அவளுக்குச் சிரிப்பு அடங்கல. மூத்தவன் மட்டும் சிரிக்கல. என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தான். "காரணம் சொல்லும்மா. சொன்னா கூட்டிட்டுப் போறேன். மலை ரோடு, உன் மூட்டுக்கு ஆகாது. சும்மா ஒரு பேரைச் சொன்னா எப்படி?"

காரணம் இருந்தாத்தானே சொல்லுறதுக்கு? யோசிச்சேன், யோசிச்சேன், ஒண்ணும் வரல. ஆனா கோவான்னும் ஊட்டின்னும் மாத்திச் சொல்ல மனசு ஒப்பல. வால்பாறைன்னே நின்னேன்.

அவன் வெளிய போய் வளர்த்த மகள்கிட்டத் தணிஞ்ச குரல்ல பேசினான். கண்ணுதான் புரை விழுந்தது, காது நல்லாத்தான் இருக்கு. "புத்தி தடுமாறுதோன்னு பயமா இருக்கு. அடுத்த மாசம் ஒரு டாக்டர்ட்ட காட்டணும். அதுவரைக்கும் அடுப்பு பக்கம் தனியா விடாத. தீயில வச்சுட்டு மறந்துட்டா?"

எனக்குச் சுருக்குன்னு தைச்சுது. உப்புல நின்னு ஆறு பிள்ளையை ஆளாக்கின புத்தி. ஊரான் மனசுல என்ன கெடக்குன்னு ரெண்டு காப்பியில கண்டுபிடிக்கிற புத்தி. அது இன்னைக்குத் தன் வாயில வந்த ஒரு பேருக்குக் காரணம் சொல்ல முடியலன்னா, அடுப்பு போச்சு. அன்னையில இருந்து நான் அடுப்படியில நின்னா அவளும் வந்து பின்னால நிக்கா, துணி மடிக்கிற மாதிரி. அடுப்படியில எவளாவது துணி மடிப்பாளா?

பேத்தி வேற ஒருநாள் சுக்குக்காப்பியைக் கொண்டுவந்து என் முன்னால வச்சிட்டு, என் குரல்லயே கேக்கா: "அந்த ஊரைப் பத்தி உங்களுக்கு யாரு சொன்னா பாட்டி?" நக்கலு. காப்பியைக் குடிச்சுட்டு கிளாஸை அவ கையிலயே குடுத்தேன்.

ஒரு வார்த்தையில முடிக்க வழி இருந்துச்சு. "நேர்ச்சை"ன்னு, மாதாவுக்கு வேண்டிக்கிட்டதுன்னு சொன்னாப் போதும். எங்க பக்கம் நேர்ச்சைன்னு ஒருத்தி சொல்லிட்டா யாரும் எதிர்த்துப் பேச மாட்டாங்க, காரணமும் கேக்க மாட்டாங்க. ஆனா நேராத ஒண்ணை நேர்ந்தேன்னு மாதா பேர்ல பொய் சொல்ல எனக்கு வராது.

வளர்த்த மகளுக்கு வந்துட்டு. நான் ரெண்டு நாளா சரியாச் சாப்பிடலன்னு, அவளா மூத்தவனுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டா: "அண்ணே, பெரியம்மா கண்ணு ஆபரேசனுக்கு முன்னாலயே நேர்ந்துக்கிட்டாகளாம். வால்பாறை மாதா கோயிலுக்கு உப்பும் மிளகும் போடுறதா. வெளிய சொல்லக் கூடாதுன்னு இருந்திருக்காக."

அவ்வளவுதான். பேச்சே மாறிட்டு. அவனே வேன் ஏற்பாடு பண்ணினான். நாத்தனார் வீட்டுல இருந்து மிளகு வந்துச்சு. எங்க கோயில்கள்ல உப்பும் மிளகும் போடுறது வழக்கம், உடம்பு நோவு கரையணும்னு. கைப்பிடி உப்பு போதும். ஆனா உப்பு விளையுற ஊர்ல இருந்து போறோமே, கொஞ்சமாக் கொண்டுபோனா கேவலம்னு, மூத்தவன் அளத்துல சொல்லி ஒரு சாக்குக் கல்லுப்பு கொண்டுவந்து ஏத்திட்டான். பொய்யி சொன்னவ சாக்கைப் பாத்துட்டு முழிச்சா. எனக்கு நேர்ச்சை பொய்யும் தெரியாது அப்போ. உப்பு எதுக்குன்னு கேட்டேன். "வழிச்செலவுக்கு"ன்னு உளறினா.

பொள்ளாச்சி தாண்டினதும் மலை ஏறுச்சு. வளைவுக்கு வளைவு எண் எழுதி வச்சிருக்கு. பாதியில எண்ணுறதை விட்டுட்டுக் கண்ணை மூடிக்கிட்டேன். வளர்த்த மகள் ஒவ்வொரு திருப்பத்துலயும் மாதாவைக் கூப்பிட்டா. பொய் சொன்ன வாயில்லா, கூப்பிடத்தானே செய்யும்.

மேல போனா மழை. எங்க ஊர் மழை மாதிரி அடிச்சுட்டு ஓடிப்போற மழை இல்ல. குடி வந்த மழை. மேகம் ரோட்டுல இறங்கி நடக்குது. எங்க பாத்தாலும் தேயிலைப் பச்சை. பழைய உப்பளக் கண்ணுக்குப் பச்சை கூசுச்சு. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா எனக்கு உள்ளுக்குள்ள பயம். இங்கயும் ஒண்ணும் ஞாபகம் வரலன்னா? மூத்தவன் சொன்னதுதான் சரியா?

ஒரு டீக்கடையில வண்டியை நிப்பாட்டினோம். தேயிலை பறிக்கிற பொம்பளைங்க கொஞ்சப் பேர், இடுப்புல பிளாஸ்டிக் தாளைச் சுத்திக்கிட்டு, மழை கொஞ்சம் விடட்டும்னு நின்னாங்க. அதுல ஒருத்தி கடைக்காரர்ட்டக் கேக்கா, "அண்ணே, கல்லுப்பு இருக்கா?"

"தூள் உப்புதான் இருக்கு."

"தூளு மழையில கரைஞ்சு ஓடிரும்ணே. கல்லுதான் வேணும்."

எனக்குச் சும்மா இருக்க முடியாது. உப்புன்னு யாராவது சொன்னா என்னைக் கூப்பிட்ட மாதிரி. "ஏம்மா, கல்லுப்பு எதுக்கு? ஊறுகாய் போடவா, சோத்துக்கா?"

அவ திரும்பிப் பாத்து, சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினா. கெண்டைக்கால்ல ஒரு துணிப்பொட்டலம் கட்டியிருந்தா.

"சோத்துக்கு இல்லம்மா, காலுக்கு. அட்டைப்பூச்சி ஏறும்ல."

அவ்வளவுதான். டீ கிளாஸைக் கீழ வச்சுட்டேன்.

அந்த வார்த்தையை நான் முன்னாலயே கேட்டிருக்கேன். அதே வார்த்தை.

அப்போ எனக்கு இருபது வயசு இருக்கும். மூத்தவன் கைக்குழந்தை. அவனோட அப்பா தோணியில கொழும்புக்குப் போயிருந்தாக. வெங்காயமும் கூரை ஓடும் ஏத்திட்டுப் போற பாய்மரத் தோணி. கார்த்திகைப் புயல் அடிச்சுது. கரையோரத்துக் குடிசைக்காரங்களை எல்லாம் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்துல வச்சாங்க. கூட ஓடின தோணிகள் திரும்பி வந்துட்டு. எங்க தோணி வரல. பக்கத்துல உள்ள பொம்பளைங்க என்னைப் பாத்தா பேச்சை நிறுத்துவாங்க. பயத்துல எனக்குப் பால் வத்திட்டு. பிள்ளை வறட்டு மார்பைச் சப்பிட்டு வீறிட்டு அழுவான். நான் அழக்கூட இல்ல, சுவரைப் பாத்து உக்காந்திருந்தேன்.

அங்க ஒருத்தி இருந்தா. திருச்செந்தூருக்குச் சாமி கும்பிட வந்தவ, பஸ் நின்னதால ஊர் போக முடியாம எங்களோட மாட்டிக்கிட்டா. என்னை விட அஞ்சாறு வயசு மூப்பு. விரல் நுனியெல்லாம் கறுத்துக் கெடந்தது. மடியில ஒரு பெரிய துணிமூட்டை. அவளா வந்து என் பக்கத்துல உக்காந்தா. எனக்கு ஒரு ஆறுதலும் சொல்லல. உன் புருசன் வந்துருவான்னு சொல்லல. அவ ஊர்க்கதையைச் சொன்னா. விடிஞ்சதுல இருந்து விளக்கு வைக்கிறது வரைக்கும் சொன்னா.

வால்பாறையில மேகம் அடுப்படி சன்னல் வழியா உள்ள வந்துரும், தீப்பெட்டியை நெஞ்சுக்குள்ள வச்சுக் காப்பாத்தணும்பா. ஆனை வந்து கதவை உடைச்சு அரிசியையும் உப்பையும் தின்னுட்டு, பானையைத் தொடாமப் போகும்பா. நான் கேட்டனா கேக்கலையான்னு அவ பாக்கல.

பேச்சுவாக்குல மூட்டையை அவுத்தா. ஆறுமுகநேரி அளத்துல வாங்கின உப்பு. அதைப் பாத்ததும் எனக்கு வாய் வந்துட்டு. உப்பளக்காரில்ல? "இம்புட்டு உப்பு சோத்துக்கு எதுக்குக்கா?"ன்னேன்.

"சோத்துக்கு இல்ல தாயி, காலுக்கு"ன்னா.

"காலுக்கா? உப்பையா?"

"ஆமா. உங்க ஊரு உப்பைக் காலுல கட்டுனாத்தான் அட்டை அண்டாது. மாமியார் எனக்குக் கொலுசு போடல, உப்பைத்தான் கட்டி விட்டா."

உப்பை மிதிக்கக் கூடாதுன்னு தரையில சிந்தினாக் கூடப் பொறுக்கி எடுக்கிற ஊரு. நாங்க பகல் முழுக்க அதுலயேதான் நிப்போம். இதுல ஒருத்தி அதைக் கொலுசா கட்டிக்கிட்டுத் திரியுதான்னா? எனக்குச் சிரிப்பு வந்துட்டு. புருசன் கடல்ல கெடக்கான், நான் சிரிக்கேன். அவளும் சிரிச்சா. அடக்க அடக்க வருது. சிரிச்சு ஓய்ஞ்சப்போ மாரு நனைஞ்சிருந்துச்சு. பால் வந்துட்டு. பிள்ளை குடிச்சான், குடிச்சுட்டு அவ உப்பு மூட்டையில காலை வச்சுக்கிட்டுத் தூங்கினான்.

மறுநாள் தோணி காயல்பட்டினத்துப் பக்கம் ஒதுங்கி நிக்குன்னு ஆள் வந்து சொன்னாங்க. நான் பிள்ளையைத் தூக்கிட்டு ஓடினேன். அவ எப்ப பஸ் ஏறினாளோ, தெரியாது. பேரு கேட்டுக்கிடல. அவுக வந்து சேர்ந்த சந்தோசம் அந்த நாளையே மூடிட்டு. அதுக்குப் பிறகு எத்தனை பேறு, எத்தனை நோவு, அவுக கண்ணை மூடினதும் நிறைஞ்ச வயசுல, வீட்டுக் கட்டில்ல. அந்தப் பள்ளிக்கூடத்தை நான் நினைச்சதே இல்ல. ஆனா அவ சொன்ன ஊர் என் நாக்குக்கு அடியில உக்காந்து காத்துக்கிட்டு இருந்திருக்கு.

டீக்கடையில நின்னு இதைப் பூராவும் சொன்னேன். மூத்தவன் கேட்டுக்கிட்டே நின்னான். முடிச்சதும் வேனுக்குப் போனான். உப்புச் சாக்கைத் தோள்ல தூக்கிட்டு வந்து அந்தப் பொம்பளைங்க முன்னால இறக்கினான்.

"அய்யோ அண்ணே!"ன்னு வளர்த்த மகள் கத்தினா. "அது நேர்ந்த உப்பு! மாதாவுக்கு!"

"யாருளா நேர்ந்தா?"ன்னேன் நான்.

அப்பதான் பொய் பூராவும் வெளிய வந்துச்சு. அவ மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே. "நீங்க சாப்பிடாம கெடந்தீகளே பெரியம்மா"ன்னு அழுதுட்டா. எனக்காகப் பொய் சொன்னவளைத் திட்ட முடியுமா? கண்ணைத் துடைச்சு விட்டேன். "கோயிலுக்கு மிளகைக் கொண்டுபோ. உப்பு சேர வேண்டிய இடத்துல சேந்துட்டு. மாதா இந்த மலையில இருந்தா அவளும் காலுக்குத்தான் கேப்பா."

பொம்பளைங்க சிரிச்சாங்க. "சாமிக்கு வந்ததைக் கால்ல கட்டலாமா?"ன்னு ஒருத்தி தயங்கினா. "கட்டு தாயி, எங்க ஊரு உப்பு, விளைய வச்சவ நான் சொல்லுதேன்"ன்னேன். அதுல ஒருத்தி, எங்க தாத்தாவும் உங்க பக்கத்து ஏரல்ல இருந்து வந்தவருதான்னா. மூத்தவன் கேட்டான், "யம்மா, அந்த அம்மா யாருன்னு இங்கன விசாரிக்கட்டுமா?"

நான் அந்தப் பொம்பளைங்க கையைப் பாத்தேன். எல்லா விரல் நுனியும் கறுத்துத்தான் இருந்துச்சு. "பேரு தெரியாம என்னன்னு விசாரிப்ப? உப்பை அள்ளிக் குடு"ன்னேன். அவன் உக்காந்து, மழையில, ஒவ்வொருத்தி துணியிலயும் அள்ளி அள்ளிப் போட்டான். அன்னைக்குப் பள்ளிக்கூடத்துல அவளோட உப்பு மூட்டையில காலை வச்சுத் தூங்கினவன்.

ஊர் திரும்பின பிறகு டாக்டர் பேச்சு இல்ல. அடுப்படியில துணி மடிக்கிறவளும் இல்ல. மாடிக்கு ஆள் வருது, நான் காப்பி குடுக்கேன், கேள்வி கேக்கேன். போன்ல பாத்தோம்னு சொல்லும்போது இப்ப நான் மனசுக்குள்ள சிரிக்கிறது இல்ல. எனக்கும் அப்படித்தானே இருந்துச்சு. இவங்க பக்கத்துலயும் என்னைக்கோ யாரோ ஒருத்தர் உக்காந்து பேசியிருக்காங்கன்னு, அந்த யாரோவுக்கு ஒரு கும்பிடு போட்டுக்கிடுதேன். என் பக்கத்துல உக்காந்தவளுக்குத் தினமும் ஒண்ணு போடுதேன். அவளுக்கு நான் குடுக்க ஒண்ணும் இல்லாத நாள்ல, ஒரு பகல் முழுக்க எனக்குக் குடுத்தா.

பேத்திதான் எழுதுங்கன்னா. அவ வச்ச காப்பிக்குப் பதில் இது.

ஏளா, இங்கன வா. என் எழுத்து கோணலாத்தான் இருக்கும், கூட்டி வாசிச்சுருவ. முதல்ல இருந்து வாசி. உன் மாமா வாசல்ல செருப்பைக் கழட்டுற சத்தம் கேக்கு. அவனும் வந்து உக்காரட்டும். கொஞ்சம் சத்தமாவே வாசி.